இறங்கும்போது இருமும் எஞ்சின்

கேள்வி: ஐயா, நான் வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவுட்போர்ட் எஞ்சின் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். அத்தான் கனடாவில் கல்கரி நகரத்துக்கு வெளியே இருக்கிறார். கிட் வாங்கி, மூன்று குளிர்காலம் கராஜுக்குள் இருந்து, தன் கையாலேயே ஒரு சின்ன ஹெலிகொப்டர் பூட்டியிருக்கிறார். ஒருவர் மட்டும் இருந்து ஓட்டுவது. ரொட்டாக்ஸ் 582 எஞ்சின், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோலுக்கு ஓயில் 50க்கு 1 கலவை. ஜூலையில் ஓட்டியபோது ஒரு பிரச்சினையும் இல்லை. நவம்பரில் இருந்து, இறங்குவதற்காக இடது கை லீவரைத் தாழ்த்தும்போது புகைச்சூடு, அதாவது சிலிண்டரில் இருந்து வெளியேறும் புகையின் சூடு, ஏறுகிறது. முன் சிலிண்டர் 625 பாகை, பின் சிலிண்டர் 670 பாகை. இரண்டு தரம் இருமுகிறது. தரையில் நின்று பார்த்தால் எல்லாம் சரி. ஒரே இடத்தில் மிதந்து நிற்கும்போது 590, 600தான் காட்டுகிறது. காபரேட்டரில் பெட்ரோல் போகும் பெரிய துளையான மெயின் ஜெட்டை இரண்டு தரம் பெரிதாக்கியும் மாற்றமில்லை. நான் டூ ஸ்ட்ரோக்கிலேயே வளர்ந்தவன் என்பதால் வட்ஸ்அப்பில் சத்தத்தை அனுப்பி என்னிடம் கேட்கிறார். ஓயிலைக் கூட்டி 40க்கு 1 போடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தாழப் பறந்து பார்த்தால் ஆபத்துக் குறைவுதானே? கயிற்றால் கட்டி வைத்து ஓட்டிப் பார்க்கலாமா? இன்னொன்று, ஓய்வு எடுத்த பிறகு அதை மட்டக்களப்புக்குக் கொண்டுவர அவருக்கு ஆசை. நடக்குமா?

பதில்:

தம்பி, முதலில் அத்தானுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். இதை வாசித்து முடிக்கும் வரைக்கும், மறுகா நான் கீழே சொல்லும் வேலைகள் முடியும் வரைக்கும், அந்த மெசின் தரையை விட்டு எழும்பக் கூடாது. தாழவும் கூடாது, உயரவும் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த விசயம், எண்களை எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் ஹெலிகொப்டர் ஹாங்கர்களில் வேலை செய்தவன் நான். "ஒரு மாதிரிச் சத்தம் வருது" என்று வந்து நிற்கும் விமானிகள்தான் அதிகம். எந்த நேரத்தில், எந்தக் கை எங்கே இருக்கும்போது, எத்தனை பாகை என்று சொல்பவர் அபூர்வம். நீங்கள் அனுப்பிய நான்கு எண்களுக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. வட்ஸ்அப் சத்தத்தை விட்டுவிடுங்கள். ஒரே சீராக வரும் இரைச்சலை வேண்டாத சத்தம் என்று நினைத்து போன் அடக்கிவிடும். உங்களுக்கு வந்து சேர்வது எஞ்சினின் சத்தத்தில் மிச்சம் மீதிதான்.

சரி, அத்தானின் மெசினில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். போட்டில் நீங்கள் த்ரொட்டிலைக் குறைத்தால் எஞ்சினின் சுற்றும் குறையும். இரண்டும் கூடவே இறங்கும். ஹெலிகொப்டரில் அப்படி இல்லை. மேலே சுழலும் இறக்கையின் வேகம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆகவே எஞ்சினும் எப்போதும் ஆறாயிரம் சொச்சம் சுற்றில்தான் ஓடும். இடது கை லீவரைத் தூக்கினால் இறக்கைகளின் சாய்வு கூடும், காற்றை அதிகம் தள்ள வேண்டும், த்ரொட்டில் அகலத் திறக்கும். தாழ்த்தினால் சாய்வு குறையும், பாரம் போய்விடும், த்ரொட்டில் ஒடுங்கும். ஆனால் சுற்று மட்டும் அதே ஆறாயிரம் சொச்சம். ஒடுங்கிய த்ரொட்டிலில் முழு வேகச் சுற்று. உங்கள் கடைக்கு வரும் எஞ்சின் எதுவும் இந்த நிலையில் நிமிடக்கணக்காக ஓடுவதில்லை. அலையில் பின்பக்கம் எழும்பி புரொப்பெல்லர் வெளியே வந்து கத்துமே, ஏறக்குறைய அந்தக் கணம்தான் இது. போட்டில் அது ஒரு வினாடி. ஹெலிகொப்டரில் இறங்கி முடியும் வரை.

டூ ஸ்ட்ரோக்குக்கு இந்த நிலை ஆகாது. சுற்று உயரத்தில் இருக்கிறது, வரும் பெட்ரோல் கொஞ்சம், அதோடு வரும் ஓயிலும் கொஞ்சம். கலவை இலேசாக லீன் பக்கம், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்த பக்கம், சாய்ந்தாலும் புகைச்சூடு ஏறிவிடும். 582க்கு அந்தச் சூட்டின் மேல் எல்லை 650 பாகை. 670 என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. இருமலும் சேர்ந்தால், லீன் ஆகிவிட்டேன் என்று எஞ்சின் வாய்விட்டே சொல்கிறது.

இப்போது மெயின் ஜெட்டுக்கு வருவோம். காபரேட்டரில் எது எப்போது ஆட்சி செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கால்வாசித் திறப்பு வரை ஐடில் ஜெட், கால்வாசியில் இருந்து முக்கால்வாசி வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். அத்தானின் கோளாறு லீவரைத் தாழ்த்தும்போதுதான் வருகிறது. அந்த நேரத்தில் த்ரொட்டில் பாதிக்கும் கீழே. மெயின் ஜெட் அந்த வீட்டில் இல்லவே இல்லை! அதை இரண்டு தரமல்ல, பத்துத் தரம் மாற்றினாலும் ஊசியின் பகுதியில் பெரிதாக ஒன்றும் மாறாது. மாறாக, எழும்பும்போது தேவைக்கு மேல் ரிச் ஆகி, அதாவது பெட்ரோல் கூடிப்போய், பலத்தைத் தின்றுவிடும். பழைய அளவு ஜெட்டையே திரும்பப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் எண்கள் எல்லாம் குழம்பிப்போகும்.

இதே கணக்கால் பெட்ரோல் பம்பையும் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம். பம்ப் பலமிழந்தாலும், வடிகட்டி அடைத்தாலும், குழாய் மடங்கினாலும், பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போதுதான் அது தெரியும். பாரத்தோடு முழு த்ரொட்டிலில் ஓடும் போட் திணறுவது போல. அத்தானின் எஞ்சின் மிதந்து நிற்கும்போது, அதாவது அதிகம் குடிக்கும்போது, ஒழுங்காக இருக்கிறது.

தீப்பொறியையும் பெரும்பாலும் விடலாம். 582இல் இரண்டு தனித்தனி இக்னிஷன். ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டரிலும் ஒவ்வொரு பிளக்கை அடிக்கும். ஒரு பக்கம் செத்தால் இரண்டு சிலிண்டரிலும் எரிவது தாமதமாகி, இரண்டிலும் புகைச்சூடு ஏறும். பின் சிலிண்டரின் ஒரு பிளக் மட்டும் பழுது என்றால் மிதந்து நிற்கும்போதும் வித்தியாசம் தெரிய வேண்டும். அங்கே வெறும் 10 பாகைதான் வித்தியாசம். இறங்கும்போது 45. ஆகவே இது த்ரொட்டில் ஒடுங்கும்போது மட்டும் பெரிதாகிற குறை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

இதில் இரண்டு குறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று இரண்டு சிலிண்டருக்கும் பொதுவானது, மற்றது பின் சிலிண்டருக்கு மட்டும்.

பொதுவானது குளிர். ஜூலையில் 25 பாகையில் ஜெட் சரிபார்த்தார். நவம்பரில் பூச்சியத்துக்குக் கீழே 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. இந்த இரண்டு வெப்பநிலைக்கும் இடையில் அடர்த்தி ஏறத்தாழ 13 சதவீதம் கூடுகிறது. காற்று அவ்வளவு கூடினால், இந்த வகைக் காபரேட்டரில் பெட்ரோல் அதில் பாதியளவுதான் கூடும். ஆக, யாரும் ஒன்றையும் தொடாமலே கலவை 6 சதவீதமளவு லீன் ஆகிவிட்டது. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது மனதில் ஏறாது. மாரிக்கும் கோடைக்கும் இடையில் நமக்கு எத்தனை பாகை வித்தியாசம்? ஆறேழு இருக்குமா? நம் அவுட்போர்ட்டுக்குப் பருவத்துக்கு ஒரு தரம் காபரேட்டரைத் திறக்கும் வழக்கமே கிடையாது. கல்கரியில் பிறந்த மெக்கானிக் அதைப் பழக்கமாகவே செய்வான். அத்தான் உடம்பால் அங்கே இருந்தாலும் ஸ்பானர் பிடிக்கும் கை இன்னும் வாழைச்சேனைக் கையாக இருக்கிறது போல.

குளிரில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. புகைச்சூட்டை அளக்கும் கம்பி உண்மையில் இரண்டு முனைகளுக்கு இடையிலான வெப்ப வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. மானி இருக்கும் பக்கம் குளிர்ந்தால் வித்தியாசம் கூடும். நல்ல மானி அதைத் தானே கழித்துக்கொள்ளும். விலை குறைந்த சில மானிகள் கழிக்காது. அவரது மெசினுக்கு மூடிய கபின் இல்லையென்றால், மானியும் அந்தக் குளிரில்தான் இருக்கிறது. அப்போது முப்பது பாகை வரை கூட்டிக் காட்டலாம். மானி எந்த வகை என்று கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இதைச் சாக்காக வைத்து 670ஐ 640 என்று எழுதிக்கொள்ள வேண்டாம். மானி பொய் சொல்லலாம், இருமல் பொய் சொல்லாது.

இனிப் பின் சிலிண்டர். இதுதான் எனக்குப் பெரிய கவலை. இதில் முதல் வேலைக்குப் பத்து நிமிடம் போதும், ஸ்பானர்கூட அதிகம் வேண்டாம். முன் சிலிண்டரின் அளவுக் கம்பியைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டு, கீழே நான் சொல்லும் முறையில் தரையில் வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். சூடு கம்பியோடு சேர்ந்து முன்னுக்குப் போனால் குறை கம்பியில். பின்னுக்கே நின்றால் குறை எஞ்சினில். இதைச் செய்யாமல் எஞ்சினைக் கழற்றாதீர்கள். வளைகுடாவில் ஒரு ஹாங்கரில் வேலை செய்தபோது, சூடு ஏறுகிறது என்று எரிபொருள் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றையே மாற்றினேன். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் அதே சூடு. கடைசியில் பார்த்தால் அளவுக் கம்பியின் இணைப்பு ஒன்றில் பச்சை பூத்திருந்தது. துடைத்து இறுக்க ஐந்து நிமிடம். அந்த மூன்று நாளை இன்றைக்கும் யாரிடமும் முழுதாகச் சொல்வதில்லை.

கம்பி சரி என்றால், அடுத்தது இரண்டு காபரேட்டரும் ஒரே நேரத்தில் எழும்புகின்றனவா என்பது. ஒரு கைப்பிடியில் இருந்து போகும் கேபிள் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஸ்லைடையும், அதாவது காபரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் அடைப்புகளையும், தூக்குகிறது. கேபிள் நாளடைவில் நீளும், உறை தன் இருப்பில் நன்றாகப் பதியாமல் நழுவும். பின் ஸ்லைட் ஒரு மில்லிமீற்றர் தாழ நிற்கிறது என்று வையுங்கள். அகலத் திறந்திருக்கும்போது ஒரு மில்லிமீற்றர் ஒரு பொருட்டே இல்லை. ஒடுங்கி நிற்கும்போது அதே ஒரு மில்லிமீற்றர் பெரிய பங்கு. மிதக்கும்போது 10 பாகை, இறங்கும்போது 45 என்ற உங்கள் எண்களுக்கு இது கையுறை மாதிரிப் பொருந்துகிறது. எஞ்சினை நிறுத்தி, காற்று வடிகட்டிகளைக் கழற்றி, ஒரு விரலை ஒரு ஸ்லைடின் அடியிலும் மற்றதை மற்றதின் அடியிலும் வைத்து, இன்னொருவரைக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பச் சொன்னால் விரலுக்கே தெரியும் எது முந்துகிறது என்று. இரட்டைக் காபரேட்டர் மோட்டார்சைக்கிள் பார்த்திருந்தால் உங்களுக்கு இது புதிதல்ல. லீவரைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்க வேண்டும். த்ரொட்டிலை லீவரோடு இணைக்கும் பொறிமுறை இருந்தால் கேபிள் வளையும் இடம் ஒவ்வொரு நிலையிலும் மாறும்.

பிறகு றப்பர். காபரேட்டரை எஞ்சினோடு பிணைக்கும் அந்தத் தடித்த றப்பர்க் குழல். குளிரில் இறுகும், பெட்ரோலில் எத்தனோல் கலந்திருந்தால் இன்னும் விரைவாக மூப்படையும். ஹெலிகொப்டர் நடுக்கமும் சும்மா இல்லை. சின்ன மெசின்களில் மேல் இறக்கை நிமிடத்துக்கு ஐந்நூறு சொச்சம் தரம் சுற்றும், அதாவது வினாடிக்கு ஒன்பது சுற்று வரை, சுற்றுக்குச் சுற்று உதறல். காபரேட்டர் தன் பாரத்தோடு அந்த றப்பரில்தான் தொங்கி ஆடுகிறது. வெடிப்பு பெரும்பாலும் விளிம்பு மடிகிற இடத்தில், அடிப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கழற்றி, பெருவிரலால் வளைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதன் வழியே நுழைகிற கள்ளக் காற்றும் த்ரொட்டில் ஒடுங்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். கேபிளுக்கு அடுத்து என் சந்தேகம் இதன்மேல்தான்.

ஊசியையும் அப்போதே பார்த்துவிடலாம், எப்படியும் ஸ்லைட் கைக்கு வந்திருக்கும். ஊசியைத் தாங்கும் சின்னக் கிளிப்பும் அது பிடிக்கும் பள்ளமும் நடுக்கத்தில் தேயும். தேய்ந்தால் ஊசி தாழும், பெட்ரோல் வழி அடையும், லீன் ஆகும். இரண்டு ஊசியும் ஒரே இலக்கமா, கிளிப் இரண்டிலும் ஒரே பள்ளத்திலா என்று பார்க்கட்டும். தானே பூட்டிய மெசினில் இந்தத் தவறு நடக்காது என்று நினைப்பது வீண் நம்பிக்கை. நடக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பின் சிலிண்டர் சுட்டால், இரண்டு காபரேட்டரையும் இடம் மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். சூடு கூடவே போனால் காபரேட்டருக்குள் குறை. போகாவிட்டால் சிலிண்டர் பக்கம், அதாவது காற்றுக் கசியாமல் தடுக்கும் காஸ்கட் அல்லது கிராங்க் சீல். 582இல் ஒரு விசேசம் உண்டு. நடுவில், உள்ளே வரும் கலவையின் வழியைத் திறந்து மூடும் ரோட்டரி வால்வை ஓட்டும் பல்சக்கரத்துக்குத் தனி ஓயில் அறை, அதற்குத் தனிப் போத்தல். அந்த அறையின் சீல் போனால் ஓயில் கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு எரியும். போத்தல் மட்டம் குறையும், புகை கூடும். ஆகவே போத்தலில் இன்றே ஒரு கோடு கீறி வைக்கட்டும். வெளிப்பக்கச் சீல் என்றால் புகைபோக்கி வாயையும் உள்ளிழுக்கும் வாயையும் அடைத்து, உள்ளே 6 பிஎஸ்ஐ அளவு காற்று ஏற்றி, சவர்க்கார நீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது. அது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். அவருக்குப் போனில் காட்டிக்கொடுங்கள்.

எதைக் கண்டுபிடித்தாலும், பிறகு பொதுவான குளிருக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். இரண்டு ஊசியின் கிளிப்பையும் ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி எழும்பி, நடுப்பகுதி ரிச் ஆகும். எஞ்சின் கையேட்டில் உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் ஜெட் அட்டவணை இருக்கும், அதை வைத்துச் சரிபார்க்கட்டும். வசந்தத்தில் திரும்ப ஏற்ற வேண்டும் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். கனடாவில் தானே கட்டிய விமானத்தைத் தானே பராமரிக்க உரிமை இருக்கிறது. எழுதி ஒப்பமிடும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இனி உங்கள் யோசனைகள். ஓயிலைக் கூட்டுவது வேண்டாம். நம் கடற்கரையில் எஞ்சின் சூடேறினால் "ஓயிலக் கொஞ்சம் கூட்டிப் போடு" என்பது பாட்டன் காலத்து வைத்தியம். 2022இல் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340க்கு ஏறிய நேரத்தில் எரிபொருளிலும் ஓயிலிலும் எத்தனை விதமான கலவைகள் ஓடின என்று உங்களுக்கே தெரியும். அவுட்போர்ட் அதைத் தாங்கும், ஏனென்றால் அதைச் சுற்றிக் குளிர்விக்க ஒரு கடலே இருக்கிறது. இங்கே கணக்கைப் பாருங்கள். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லி, 40க்கு 1 என்றால் 25 மில்லி. கூடிய அந்த 5 மில்லி, ஜெட்டின் ஓட்டைக்குள்ளால் போகும் பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கலவையும் தடிப்பாகி மெதுவாக ஓடும். அளவு சிறியதுதான், ஆனால் திசை பிழை. லீன் ஆகிய எஞ்சினை இன்னும் லீன் ஆக்குகிறோம்.

பிளக்கின் படம் அனுப்பியிருந்தீர்கள், அழகான மண்ணிறம். இறங்கி, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்திய பிளக் அது. ஐடிலின் கதையைத்தான் அது சொல்லும். அதற்குப் பதிலாகப் புகைபோக்கியைக் கழற்றி, சிலிண்டரின் வாய்க்குள் டோர்ச் அடித்து, பிஸ்டனின் பக்கத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் நீளக் கீறல் இருந்தால் லீன் சூட்டில் பிஸ்டன் ஏற்கனவே பிடிக்கப் பார்த்திருக்கிறது. நான்கு மூலையிலும் கீறல் என்றால் வேறு கதை. எஞ்சின் சூடாகும் முன் அவசரப்பட்டுப் பாரம் கொடுத்திருக்கிறார், பிஸ்டன் விரிந்த வேகத்துக்குச் சிலிண்டர் விரியவில்லை. அந்தக் குளிரில் அதுவும் நடக்கக்கூடியது. எதுவாக இருந்தாலும், ஆழமான கீறல் கண்டால் காபரேட்டரைச் சரிசெய்து சமாளிக்க முடியாது. பிஸ்டன் வெளியே வர வேண்டும்.

தாழப் பறந்து பார்ப்பது. தம்பி, போட் எஞ்சின் நடுக்கடலில் நின்றால் துடுப்பு இருக்கிறது, பக்கத்து வள்ளம் இருக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் நங்கூரம் இருக்கிறது. சின்ன ஹெலிகொப்டரில் எஞ்சின் நின்றால் விமானிக்கு இருப்பது ஏறத்தாழ ஒரு வினாடி. அதற்குள் இடது கை லீவர் கீழே போக வேண்டும். போனால், கீழிருந்து வரும் காற்று இறக்கையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தரைக்குச் சற்று மேலே அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக உட்காரலாம். ஆனால் அதற்கு ஒன்றில் உயரம் வேண்டும், இல்லாவிட்டால் முன்னோக்கிய வேகம் வேண்டும். தென்னை மர உயரத்தில் வேகமில்லாமல் நிற்பவருக்கு இரண்டுமில்லை. தாழ இருப்பது பாதுகாப்பு என்று தோன்றுகிற அந்த உயரம்தான் மிக மோசமானது.

அத்தானின் கோளாறில் அதைவிட ஒரு பயங்கரம் ஒளிந்திருக்கிறது. பிஸ்டன் பிடிக்கும் வாய்ப்பு அதிகம் உள்ள நேரம், அவர் லீவரைத் தாழ்த்தி இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். அப்போது இறக்கைக்கு எஞ்சினின் பலம் தேவையே இல்லை. எஞ்சின் நின்றால் இடையில் உள்ள ஒருவழிக் கிளட்ச் விட்டுக்கொடுக்கும், இறக்கை தன்பாட்டில் சுழலும், மெசின் வழுவழுப்பாக இறங்கிக்கொண்டே இருக்கும். காதில் ஹெல்மெட், சுற்றிலும் காற்றின் இரைச்சல். சுற்றுமானியைப் பார்க்காவிட்டால் எஞ்சின் செத்தது தெரியாமலே போகலாம். தெரியவரும் இடம், தரைக்குக் கிட்ட வந்து நிறுத்துவதற்காக லீவரைத் தூக்குகிற இடம். தூக்கினால் பலம் வராது. இதனால்தான் முதல் பந்தியிலேயே அப்படிச் சொன்னேன்.

நல்ல காலம், இந்தக் கோளாறைப் பார்க்கப் பறக்கவே தேவையில்லை. அவுட்போர்ட்டைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கி ஓட்டிப் பார்க்கிறீர்களே, ஹெலிகொப்டருக்கும் அப்படி ஒரு பீப்பாய் இருக்கிறது. தரையில் இருந்தபடி, லீவர் முழுதும் கீழே, இறக்கை தட்டையாக, பறக்கும்போதுள்ள சுற்றுக்கு எஞ்சினைக் கொண்டுவந்தால், த்ரொட்டில் ஒடுங்கி, சுற்று உயர்ந்து, பாரம் இல்லாமல் நிற்கும். இறங்கும்போது உள்ள நிலைக்கு மிகக் கிட்ட. அத்தான் இதுவரை தரையில் பார்த்தது வெறும் ஐடில் என்று நினைக்கிறேன். அதனால்தான் "எல்லாம் சரி". குளிர்நீர் 65 பாகைக்கு வந்தபின் இந்த நிலையில் ஒரு நிமிடம் வைத்து, இரண்டு புகைச்சூட்டையும் வீடியோவில் எடுக்கட்டும். 650ஐத் தொட்டால் உடனே சுற்றைக் குறைக்க வேண்டும். அவர் ஆசனத்தில் பெல்ட் போட்டு, இரண்டு கையும் லீவர்களில். கமரா மானிக்கு முன்னால் பூட்டி இருக்க வேண்டும். வேறு ஆள் ஒருவரும், முக்கியமாக வால் பக்கம், கிட்ட நிற்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இதே சோதனை, ஒரு தரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். கயிற்றால் கட்டி, லீவரைத் தூக்கிப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்கும் எண்ணத்தை, கிட் கையேடு அதற்கென்று முறை சொல்லியிருந்தால் ஒழிய, விட்டுவிடுங்கள். ஒரு பக்கக் கயிறு முந்தி இறுகினால் மெசின் அந்தப் பக்கம் கவிழும்.

கடைசியாக மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது. ஆசைக்குத் தடை சொல்ல நான் யார்? ஆனால் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது, அதிகாரசபை இருக்கிறது. கல்கரியில் கிடைத்த தகுதிப் பத்திரம் இங்கே தானாகச் செல்லாது. கொள்கலனில் ஏற்றும் முன்பே அதிகாரசபைக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கட்டும். துறைமுகத்துக்கு வந்தபின் கேட்டால், பெட்டி அங்கேயே கிடக்கும்.

வந்தாலும் அவருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. கல்கரி கடல்மட்டத்தில் இருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே. கல்லடிக் கடற்கரை கடல்மட்டம். ஆனால் எஞ்சினும் இறக்கையும் பார்ப்பது காற்றின் அடர்த்தியை. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் கல்கரிக் காற்று, விமானிகள் கணக்குக்கு வைத்திருக்கும் தர நிலைக் காற்றில் ஏறத்தாழ 380 மீற்றர் உயரத்துக் காற்றுக்குச் சமன். மே மாத மத்தியானம் 34 பாகையில் நம் கல்லடிக் காற்று ஏறத்தாழ 700 மீற்றருக்குச் சமன். மாரிக் கல்கரியைவிட வெயிற்காலக் கல்லடிதான் "உயரம்". குளிருக்கென்று கிளிப்பை இறக்கி வைத்த ஊசியோடு இங்கே வந்து ஸ்டார்ட் பண்ணினால் இருமாது, புகைதான் தள்ளும்.

கம்பி மாற்றிய சோதனையின் எண்களும் பிஸ்டன் படமும் வந்தவுடன் எனக்கு அனுப்புங்கள். அந்த ஓயில் போத்தலில் கீறிய கோடும் படத்தில் தெரியட்டும்.